கையில் பார்த்தால் தெரியாத பிரஷர்

அந்த அழைப்பை எடுத்தது நான்தான். மெட்ராஸ் டெலிபோன் போர்டில் இருந்த பெண், "கள்ளக்குறிச்சி, உங்களுக்கு ஒரு டிரங்க் கால்" என்றாள். வழக்கம்போல நம்பர் கேட்டேன். "நம்பர் இல்லீங்க, எக்ஸ்சேஞ்சுக்கேதான்" என்றாள். கையில் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதைச் செருக ஒரு துளை தேவைப்படவில்லை. மறுமுனையில் வேதவல்லி அக்காவின் கணவர் ராமலிங்கம் அண்ணன் பேசினார். "வேதா போயிட்டாம்மா. காத்தால. நீயே எல்லாருக்கும் சொல்லிடு." அவ்வளவுதான். மூன்று நிமிட டிரங்க் காலில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெட்ராஸ் பெண் நாங்கள் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டிருக்கிறாள். "நம்பர்னு சொல்லிட்டு நிறுத்துவாங்களே, அவங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளும் நானும் உடனே லைனைத் துண்டிக்கவில்லை.

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஊழியர் மலருக்கு எழுதிக் கொடு என்று கேட்டபோதெல்லாம் குழந்தைக்கு இருமல், எனக்கு டியூட்டி மாற்றம் என்று ஏதாவது சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் அதுவல்ல. எழுதினால் முடிந்துவிடும் என்று ஒரு பயம். இப்போது எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் வேதவல்லி அக்காவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவர்கள், உளுந்தூர்பேட்டை லாரி ஆபீஸ்காரர்கள், கல்வராயன் மலையில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு கத்திப் பேசியவர்கள், எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டவர்கள்தான். "நம்பர்" என்பார். பிறகு ஒரு நிறுத்தம். பிறகு "சொல்லுங்க" என்பார். அந்த நிறுத்தத்தைச் சிலர் திமிர் என்றார்கள், சிலர் லைன் கோளாறு என்றார்கள். அது மூச்சு. அவ்வளவு சின்ன வாக்கியத்தின் நடுவிலும் அவருக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எலவனாசூர்கோட்டை அரிசி மில்காரர் ஒருவர் லைனில் வந்து, "இன்னாம்மா, தூங்கினு இருக்கியா?" என்று அக்காவை அதட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கோபம் வந்தது. பி.எஸ்ஸி. முடித்த திமிர் எனக்கு அப்போது இருந்தது. நானாக இருந்தால் லைனைப் பிடுங்கியிருப்பேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "இல்லீங்க, மூச்சு வுட்டுக்கினு இருக்கேன். அதுவும் ஒரு வேல தானே." மில்காரர் சிரித்துவிட்டார்.

சின்ன வயதில் மூட்டு மூட்டாக வலித்துக் காய்ச்சல் வந்ததாம் அக்காவுக்கு. அக்கா வளர்ந்த வடக்கனந்தல் பக்கத்தில் அதை வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் போகும்போது இதயத்தின் இடதுபக்க வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. கல்யாணம் ஆகி, குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் காட்டப் போனபோதுதான் தெரிந்தது. வால்வை மாற்றாமல் கர்ப்பம் தரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் கணவர் ராமலிங்கம் அண்ணன் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோடுகிறவர், அதிகம் பேசாதவர். அவர் மெட்ராஸுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அலைந்து ஆஸ்பத்திரியில் இடம் வாங்கினார்.

ஆபரேஷனுக்குப் போகும் முன் அக்கா என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது நான் மசக்கையில் வாடிப்போய் இருந்தேன். "நீ ஒண்ண பெத்து வையி. நான் திரும்பி வந்து ஒண்ண பெத்துக்கறேன். ரெண்டும் ஒண்ணா பள்ளிக்கூடம் போவட்டும்" என்றார். உயிர் பிழைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. அவர் நெஞ்சைக் கீறிக்கொள்ளச் சம்மதித்தது ஒரு குழந்தைக்காக.

திரும்பி வந்தபோது நெஞ்சுக்குள் உலோக வால்வு இருந்தது. நாங்கள் மாலை வாங்கி வைத்திருந்தோம். சூப்பர்வைசர் அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு மாலையா என்று அதட்டி அதை சாமி படத்துக்குப் போட்டார்.

அக்கா மறுபடி வேலைக்கு வந்த வாரத்திலிருந்து புகார்கள் வரத் தொடங்கின. லைனில் டிக் டிக் என்று ஒரு சத்தம். எல்லா ஊர் லைனிலும் வருகிறது, ஆனால் எப்போதும் வருவதில்லை. லைன்மேன் பச்சையப்பன் அண்ணன் சைக்கிளில் கம்பம் கம்பமாகப் போய்ப் பார்த்தார். ஒரு கம்பத்தில் ஏறி, ஈர ஓணான் ஒன்றைப் பிடித்து வீசிவிட்டு, சரியாகிவிட்டது என்றார். ஆகவில்லை. சின்ன சேலம் ரோட்டில் இரண்டு கம்பத்துக்குப் புதுக் கம்பி இழுத்தார். சத்தம் போகவில்லை. கடைசியில் போர்டையே கழற்றிப் பார்க்கலாம் என்று எங்கள் பின்னால் வந்து நின்றவர், அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் தலையைச் சாய்த்தார். எங்கள் பேசும் குழாய் நெஞ்சின் மீது ஒரு தகட்டில் தொங்கும். அக்காவின் நெஞ்சுக்கூட்டின் சத்தம் அந்தத் தகடு வழியாகக் குழாய்க்குள் ஏறி, தாலுகா முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஒரு வாரமா நான் கம்பத்துல ஏறுறது ஒன் நெஞ்சுக்காகவா?" என்றார் பச்சையப்பன் அண்ணன்.

"ஓணான் பொழைச்சுதா?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து அக்காவின் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே மடித்த கைக்குட்டை ஒன்று இருக்கும். ஆனால் எங்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. எங்கள் தொழிலில் சத்தம் வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, சத்தம் இல்லையென்றால்தான் ஆளை அனுப்ப வேண்டும். அந்தப் புத்தியில் நாங்கள் எல்லோருமே டிக் டிக் கேட்கிறது, அக்கா நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். பச்சையப்பன் அண்ணன் வரும்போதெல்லாம் காதைக் காட்டி, "லைன் கிளியர்" என்பார். இந்த வேடிக்கை வடக்கனந்தலில் இருந்த அக்கா வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எனக்கு மகன் பிறந்தான். பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்கு வந்தபோது அவன் ஓயாமல் அழுகிற குழந்தை. டியூட்டிக்கு முன்பு நான் சாப்பிடும் நேரம் அக்கா அவனை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொள்வார். அந்த டிக் டிக்கில் அவன் கண் சொருகிவிடுவான். நான் பயந்தாங்கொள்ளி அம்மா. அவன் தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவேன். அக்கா என் கையைத் தள்ளிவிடுவார். "எண்ணாதடி. பாரு. எண்ணினா நம்பர் தான் தெரியும், கொழந்த தெரியாது."

ஆனால் "நம்பர்" என்பதற்கும் "சொல்லுங்க" என்பதற்கும் நடுவில் இருந்த நிறுத்தம் போகவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றோம். ஆபரேஷன் உடம்பு என்றோம். டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். சுருங்கிய வால்வுக்குப் பின்னால் பல வருஷம் ரத்தம் தேங்கி நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. புது வால்வு வைத்துவிட்டதால் அது மெல்ல இறங்கும், இறங்கினதும் குழந்தையைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தார். ரத்தம் உறையாமல் இருக்கத் தின்கிற மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது, அதையும் அப்போது மாற்ற வேண்டியிருக்கும். எல்லாம் அந்த அழுத்தம் இறங்கட்டும் என்று காத்திருந்தன. அக்காவும் காத்திருந்தார்.

வெள்ளிமலை போஸ்ட்மாஸ்டருக்கு அக்கா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மனிதருக்கு மலைமேல் பேச்சுத் துணை குறைவு. மாலையில் போனைச் சுழற்றி, "லைன் இருக்குதாம்மா?" என்று கேட்பார், லைன் இருக்கும்போதே. ஆபரேஷன் முடிந்ததும் மேலே வந்து பார்க்கிறேன் என்று அக்கா சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் குழந்தையோடு பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறியபோது அக்கா ஜன்னலோரம் பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். அடிவாரத்திலேயே பிறந்தவர், அதுவரை மலைமேல் போனதில்லை.

பஸ் நின்ற இடத்திலிருந்து போஸ்ட் ஆபீஸுக்கு ஒரு சின்ன மேடு. பெரிய ஏற்றம் இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே பேசிக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா ஒரு பலா மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் வந்தார். ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பார்ப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் நின்றார். கையை இடுப்பில் ஊன்றி, உதட்டைக் குவித்து, தரையைப் பார்த்தபடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போஸ்ட்மாஸ்டர் வாசலிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டார். உள்ளே போனவர் ஆபீஸ் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தார். பாதை நடுவில் அதைப் போட்டு, கால் ஆடாமல் ஒரு கல்லைச் செருகினார். "ஏறி வர வேணாம்மா. ஆபீஸே கீழ வந்துடுச்சு" என்றார். அக்கா அதில் உட்கார்ந்தார். வழியில் போன மலைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தார். மேட்டின் நடுவில் அந்த ஒற்றை நாற்காலியைச் சுற்றி நாங்கள் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தோம். போஸ்ட்மாஸ்டர் மறுபடி மறுபடி, குரலை வைத்து நீங்கள் உயரமானவர் என்று நினைத்திருந்தேன் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "டிக்கு நல்லா தானேக்கா கேக்குது?"

"அது கதவு. கதவு நல்லாத்தான் தெறந்து மூடுது" என்றார். "உள்ளாறதான் ஏதோ எறங்க மாட்டேங்குது. புரட்டாசில மெட்ராஸ் வரச் சொல்லியிருக்காங்க. படம் புடிச்சிப் பாத்து சொல்லிடுவாங்க. நீ யார் கிட்டயும் சொல்லாத."

அந்தப் புரட்டாசி எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கேட்டது நியாயமா, கேட்ட விதம் நியாயமா என்று எங்கள் ஓய்வறையிலேயே இரண்டு கட்சி இருந்தது. எந்த ஊரில் யார் வீடு எரிந்தது என்று கேட்டுக் கேட்டு லைனில் வருகிறவர்களின் குரலெல்லாம் மாறிப்போயிருந்தது. ஒருவர் அக்காவிடமே, நீ எந்தப் பக்கத்து ஆளு என்று கேட்டாராம். "நடுவுல ஒயர் புடிச்சிக்கினு இருக்கற ஆளு" என்று சொல்லி அவர் கேட்ட நம்பரைப் போட்டுக் கொடுத்தார்.

நான் விழுப்புரத்தில் அம்மா வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி எலவனாசூர்கோட்டை வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. முன்னால் மரம். பின்னால் போகலாமென்றால் பின்னாலும் மரம். மற்றவர்களோடு இறங்கி நடந்தேன். குழந்தைக்குக் கொண்டுவந்த வெந்நீர் தீர்ந்துவிட்டது, அவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு அரிசி மில்லில் போன் கம்பி போவதைப் பார்த்தேன். எக்ஸ்சேஞ்சுக்காரிக்குக் கண் அதைத்தான் முதலில் தேடும். உள்ளே போய்க் கேட்டேன். லைன் இருக்காதும்மா, பல இடத்தில் அறுத்துவிட்டார்கள் என்றார் மில்காரர். எடுத்துக் காதில் வைத்தேன்.

"நம்பர்..." நிறுத்தம். "சொல்லுங்க."

"அக்கா, நான்தான்" என்றேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.

"கொழந்த?"

"அழுதுக்கினே இருக்கான்."

"நீ அழுதியா?"

"இல்லக்கா."

"அப்ப அழுதுட்டு வா. நீ நிறுத்தினா அவன் நிறுத்துவான். அதுக்கு முன்ன மில்காரர் கிட்ட போனக் குடு."

மில்காரர் வாங்கிக் கேட்டார். அவர் முகம் முதலில் குழம்பி, பிறகு மலர்ந்தது. அக்கா சொன்னதை அவரே பின்னால் சொல்லிக்காட்டிச் சிரித்தார்: "அன்னிக்கு தூங்கினு இருந்த பொம்பள பேசறேங்க. எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு ஒங்க கிட்ட வந்திருக்கு. ரோடு தெறக்கற வரைக்கும் வெச்சிக்கங்க." மறியல் முடியும் வரை அவர் வீட்டில் இருந்தேன். நான் யார், எந்தப் பக்கத்து ஆள் என்று யாரும் கேட்கவில்லை. தினம் ஒருமுறை போன் அடிக்கும். "கொழந்த பால் குடிச்சானா? நீ சாப்புட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

அந்த நாட்களில் மாற்று ஆள் வர முடியாமல் அக்கா எக்ஸ்சேஞ்சிலேயே தங்கி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், அவருடைய மெட்ராஸ் தேதி அந்த வாரத்தில்தான் வந்து போனது என்பதும் நான் திரும்பி வந்த பிறகே தெரிந்தது. "ரோடே இல்ல, தேதி இருந்து இன்னா பண்றது" என்றார்.

அடுத்த தேதி வாங்கி ஐப்பசியில் போய்வந்தார். வந்த அன்று ஓய்வறையில் என் மகனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். வால்வு மிக நன்றாக வேலை செய்கிறதாம். ஆனால் நுரையீரல் அழுத்தம் இறங்கவில்லை. பல வருஷம் அழுத்தம் தாங்கித் தாங்கி நுரையீரலின் ரத்தக் குழாய்களே தடித்துப்போய்விட்டன. சிலருக்கு இப்படி நின்றுவிடுகிறதாம். இதற்குப் பிறகு ஆபரேஷன் கிடையாது, மாத்திரைதான். குழந்தை கூடவே கூடாது. அந்தப் பாரத்தை இந்த இதயம் தாங்காது, தாயும் போய்விடுவாள்.

எனக்குப் புரியவில்லை. அடைப்பை எடுத்துவிட்டார்களே, பிறகு ஏன் என்று கேட்டேன்.

"உளுந்தூர்பேட்டைல பாத்தியே" என்றார். "மரத்த இழுத்துப் போட்டாச்சு. லாரி போவ ஆரமிச்சிடுச்சா? எத்தினி நாளா நின்ன வண்டி, ரோடு ஒடைஞ்சி குழியாயி... மரம் தான் இல்ல. அடைப்பு இருக்கு. என்னுது கொஞ்சம் ஜாஸ்தி நாள் நின்னுடுச்சி, அவ்ளோதான்."

மகன் அவர் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அக்கா அதை விடுவிக்கவில்லை. "இவனுக்கு ஜோடி வராது. தனியாவே பள்ளிக்கூடம் போவட்டும்" என்றார். அன்று நான்தான் அழுதேன்.

வீட்டில் இதைச் சொல்வது சுலபமாக இல்லை. மாமியார் குப்பம்மாள் கெட்டவர் அல்ல. ஆனால் ஒரே மகன், ஆபரேஷனுக்குப் பிறகு பேரன் என்ற கணக்கில் ஊரெல்லாம் வேண்டுதல் போட்டு வைத்திருந்தார். பொங்கல் சமயத்தில் வடக்கனந்தல் போயிருந்தேன். அக்கா விஷயத்தைச் சொல்லிப் பல நாள் ஆகியும் அவர் நம்பவில்லை. என்னைப் பஞ்சாயத்துக்கு வந்தவளாக உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. கச்சிராயபாளையத்து டாக்டரு கைல பட்டையக் கட்டி காத்தடிச்சிப் பாத்தாரு. பிரசரு இல்ல, சுத்தமா சரியா கீதுன்னாரு. நெஞ்சுல காத வெச்சா கடியாரமாட்டம் அடிக்குது. கம்பி மேல ஏறுற ஆளே லைனு கிளியருன்னு சொல்றாரு. அப்புறம் இன்னா வியாதி? எங்கருந்து வந்துச்சி இந்தப் பிரசரு?"

கையில் பார்ப்பது வேறு, நுரையீரலுக்குள் இருப்பது வேறு என்று நான் படித்ததையெல்லாம் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பாடம் நடத்துவதுபோல இருந்தது, அவர் மூக்கைச் சுளித்தார். அக்கா குறுக்கிட்டார். "அத்தே, வாங்க, கழனி வரைக்கும் போயி ரெண்டு கரும்பு ஒடைச்சிக்கினு வரலாம்." வேறு எதுவும் சொல்லவில்லை. மாமியார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்.

வீட்டுக்கும் கழனிக்கும் நடுவில் வாய்க்கால் வரப்பு. நான் குழந்தையோடு வாசலில் நின்று பார்த்தேன். குப்பம்மாள் முன்னால் விடுவிடுவென்று போனார். திரும்பினார். நின்றார். மறுபடி போனார், மறுபடி நின்றார். பிறகு கரும்பு மறைத்துவிட்டது. வெகு நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்கள். கையில் கரும்பு இல்லை. குப்பம்மாள் தன் மருமகளின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, நிறைமாதக்காரியைத் தாங்கிக் கூட்டி வருவதுபோல அடி அடியாகக் கூட்டி வந்தார். வாசலில் உட்கார வைத்தார். அக்காவின் உதடு நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறியிருந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டில் அவர் எங்கே நின்றாலும் ஏதோ வேலையாக நிற்பதுபோல நின்றிருக்கிறார். நடந்தால் தெரிந்துவிடும் என்று யாரோடும் சேர்ந்து நடந்ததில்லை. குப்பம்மாள் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தினி நாளு இத வெச்சிக்கினா எனக்கு தண்ணி தூக்கினா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தைப் பேச்சு எழவில்லை. அக்காவுக்கு உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தனியாக ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்துக்கொள்வார். குப்பம்மாள் அந்தச் சட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, வீடு முழுமைக்கும் உப்பில்லாமல் வைக்கத் தொடங்கினார். ராமலிங்கம் அண்ணன் ஆலையில் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து, பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக்கல் கேட்டு வாங்கித் தொட்டுக்கொள்வாராம். "எங்க அத்த சமைக்கறது ஆஸ்பத்திரி சோத்த வுட மோசம், ஆனா ஆஸ்பத்திரில கூட ஒக்காந்து துண்ண ஆள் கெடயாது" என்பார் அக்கா.

மறியல்கள் ஓய்ந்து, மறுபடி கிளம்பி, மறுபடி ஓய்ந்த அந்த இரண்டு வருஷமும் அக்கா வேலைக்கு வந்தார். போர்டில் எட்டிச் செருக முடியாமல் போனபோது விசாரணை மேசைக்கு மாற்றிக்கொண்டார். கால் வீங்கும், மாத்திரையை ஏற்றினால் வற்றும். இரவில் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து தூங்குவதாகச் சொல்வார். வெள்ளிமலை போஸ்ட்மாஸ்டர் இப்போது லைன் இருக்கிறதா என்று கேட்பதில்லை, "இருக்கியாம்மா?" என்று கேட்பார். "இருக்கேங்க" என்பார் அக்கா. ஒருமுறைகூட, எனக்கு ஏன் இப்படி என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. என் மகன் நடக்கத் தொடங்கி விழுந்து எழுந்தபோது, நான் பதறிக்கொண்டு ஓடியபோதெல்லாம், "வுடு, அவனுக்கு நல்ல மூச்சு இருக்கு" என்பார். அந்தச் சொல்லில் பொறாமை இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

கடைசியில் இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போய்விட்டது. அந்த அழுத்தத்துக்கு எதிராக வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டிருந்த பக்கம் அது. மெட்ராஸுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு வாரம் கழித்து அந்த அழைப்பு வந்தது.

காரியத்துக்கு வடக்கனந்தல் போனோம். பச்சையப்பன் அண்ணன் வந்தார். மலையிலிருந்து போஸ்ட்மாஸ்டர் இறங்கி வந்தார். மில்காரர் வந்து, என்னைத் தவிர அவரை யாருக்கும் தெரியாததால் ஒரு ஓரமாக நின்றார். பந்தலில் உறவுக்காரப் பெண் ஒருத்தி சத்தமாகவே அங்கலாய்த்தாள்: கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லாமல் போய்விட்டாளே, ஆபரேஷன் பண்ணியும் வயிறு திறக்கவில்லையே என்று. குப்பம்மாள் மூலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"புள்ள பெத்திருந்தா அன்னிக்கே போயிருப்பா. ரெண்டு வருசம் என் கூட ஒக்காந்து உப்பில்லாம துன்னா. அந்த ரெண்டு வருசம் எனக்கு மருமவ இருந்தா. ஒனக்கு இன்னா தெரியும், வாய மூடு."

ராமலிங்கம் அண்ணன் அப்போதுதான் அழுதார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பெரிதாக எதுவும் இல்லை. முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், முடியவில்லை என்று நம்புகிறேன். அதற்குச் சாட்சி கேட்பதில்லை. எங்கே, காட்டு என்று சொல்வதில்லை. அதோடு இன்னொன்று. என் மகனைக் காலையில் பாலர் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிறேன். பாதி வழியில் கால் வலிக்கிறது என்று நின்றுவிடுவான். எனக்கு டியூட்டிக்கு நேரமாகியிருக்கும், அவனுக்கு ஒன்றுமில்லை என்றும் தெரியும். முன்பென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறியிருப்பேன், அல்லது இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது ரோட்டோரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். லாரிகள் போகின்றன, கரும்பு வண்டிகள் போகின்றன. நான் எதையும் எண்ணுவதில்லை. போகலாமா என்று அவன்தான் கேட்பான்.